அவையடக்கமும் அவை இருமலும்

1. ஆய்வின் தேவை

கச்சேரியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மேடையைப் பார்த்தே எழுதிவிட்டார்கள். மேடைக்கு எதிரே, பாஸோ டிக்கெட்டோ மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் உயிரினத்தைப் பற்றி முறையான ஆய்வு நடந்ததாகத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் ஒருவேளை கிடைக்கலாம். அதனால்தான் தேடவில்லை. ‘இத்துறையில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்ற வாக்கியம் பறிபோனால் நம் ஆய்வேடுகளில் பாதிக்கு முதல் பக்கமே இருக்காது.

கருதுகோள் வருமாறு: மேலை இசைக் கச்சேரிக்கு வருபவர் மேடையைக் கேட்பதில்லை, பக்கத்து இருக்கையைக் கேட்கிறார். இது இறுதி இயலில் நிறுவப்படும். நிறுவப்படாமல் போன கருதுகோள் எதையும் நான் எந்த நூலகத்திலும் கண்டதில்லை.

2. ஆய்வு எல்லையும் மூலபாடமும்

ஆய்வுக் களம் சென்னையில் ஓர் அரங்கு. காலம் ஒரு சனிக்கிழமை மாலை. ஐரோப்பாவிலிருந்து வந்த இருவர். ஒருவர் வயலின், ஒருவர் பியானோ. இடைவேளைக்கு முன் பேத்தோவனின் ‘க்ராய்ட்ஸர்’ சொனாட்டா, மூன்று பகுதிகள். இடைவேளைக்குப் பின் சேஸார் ஃப்ராங்கின் ஏ மேஜர் சொனாட்டா, நான்கு பகுதிகள். இந்த எண்ணிக்கையை வாசகர் மனத்தில் கொள்க. அன்று அரங்கில் பாதிப்பேர் கொள்ளாததால் வந்த வினையே இக்கட்டுரை.

மூலபாடம், நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இருட்டில் நான் எழுதிய குறிப்புகள். இடைவேளையில் அதன்மேல் காபி சிந்தியதால் சில இடங்கள் சிதைந்தன. மூன்றாம் வரியில் ‘இரு’ என்று தொடங்கும் சொல்லை ‘இருந்தார்’ என்றும் ‘இருவர்’ என்றும் ‘இருமினார்’ என்றும் படிக்கலாம். ‘இருமினார்’ என்பதே என் பாடம். எழுதியவனும் நானே என்றாலும், எழுதியவன் என்ன நினைத்தான் என்பதைப் பதிப்பாசிரியன் பொருட்படுத்துவது மரபன்று.

3. மெய்ப்பாடுகள்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். எட்டும் அன்று காணப்பட்டன.

மருட்கை: பியானோவின் பெரிய மூடியை உயர்த்திக் கோல் கொடுத்து நிறுத்தியபோது முன்வரிசைச் சிறுவன், “அம்மா, பானெட்டத் தொறந்துட்டாங்க, வண்டி ரிப்பேரா?” என்றான். அன்றைய மாலையில் சொந்தமாக யோசித்துச் சொல்லப்பட்ட ஒரே விமரிசனம் இதுதான்.

அழுகை: ஒருவர். கான்டாக்ட் லென்ஸ் என்று பிறகு தெரிந்தது.

வெகுளி: செல்போன்.

உவகை: இடைவேளை.

பெருமிதம்: நிகழ்ச்சி நிரலை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “இது ஏ மேஜர்” என்று மனைவியிடம் சொன்னவர்.

நகை, இளிவரல், அச்சம் மூன்றும் பின்னர் விரித்துரைக்கப்படும்.

தூக்கத்தைத் தனி மெய்ப்பாடாகச் சேர்க்கலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். எட்டுக்கு அப்பால் தொல்காப்பியர் தரும் பட்டியலைப் பார்த்தால் அங்கே ‘துஞ்சல்’ ஏற்கெனவே இருக்கிறது. அவரும் கச்சேரிக்குப் போய்வந்தவர் என்பதற்கு இதைவிட அகச்சான்று வேண்டா.

தாளம் போடுவோரைப் பற்றி ஒரு குறிப்பு. வயலின் நமக்கு அந்நிய வாத்தியம் அன்று; முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து அது நம் வீட்டுப் பிள்ளை. ஆகவே வில் தந்தியைத் தொட்டதும் என் இடப்பக்கத்துப் பெரியவரின் வலக்கை தானாகத் தொடைக்குப் போயிற்று. ஆதி தாளம் போட்டார். க்ராய்ட்ஸரின் தொடக்கம் மூன்று மூன்றாக நடப்பது, எட்டு ஒத்துவரவில்லை. ரூபகத்துக்கு மாறினார். பிடி கிடைத்து முகம் மலர்ந்த நேரத்தில் இசை வேகமெடுத்து இரண்டிரண்டாக ஓட ஆரம்பித்தது. கை தொடைமேல் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அது கைக்குட்டையை எடுக்கவே போனதுபோல் கைக்குட்டையை எடுத்தது. (இடப்பக்கத்துப் பெரியவர், நேரில் கண்டது.)

சுருதி சேர்த்தபோது யாரும் கைதட்டவில்லை. 1971 ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கர் சிதாரைச் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டியது. அவர் புன்சிரிப்போடு, சுருதியே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அந்தத் தவறு மட்டும் சென்னையில் நடக்காது. நம்முடைய தவறுகள் வேறு.

4. இருமல்

இளிவரலின் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு. கச்சேரி இருமல் ஒன்றில் இந்த நான்கும் ஒருங்கே அமைகின்றன. இருமுபவருக்கு வயது: மூப்பு. நெஞ்சில் சளி: பிணி. இருமிவிட்டோமே என்ற கவலை: வருத்தம். மேடையில் அப்போது நடப்பது மிக மெல்லிய இடம்: மென்மை. பியானோவும் வயலினும் சேர்ந்து இடிமுழக்கம் செய்யும் இடத்தில் இருமியவர் எவரையும் நான் காணவில்லை. வில் நுனி தந்தியைத் தொட்டும் தொடாமலும் போகும்போதுதான் தொண்டைக்குத் தன் நினைவு வருகிறது.

நூல் மூவகைப்படும்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். இருமலும் அவ்வாறே.

முதலிருமல் என்பது தொண்டையில் உண்மையான காரணம் ஒன்றைக் கொண்டு தோன்றுவது. அரிது. அன்று மொத்தம் இரண்டே கேட்டேன், இரண்டும் ஒருவருடையவை.

வழியிருமல், முதலிருமலைப் பின்பற்றி அதனோடு பெரும்பாலும் ஒத்து, நீளத்தில் மட்டும் சிறிது வேறுபடுவது. ‘அவரே இருமிவிட்டார், நாமும் இருமலாம்’ என்னும் துணிவே இதன் பிறப்பிடம். முதலிருமல் கேட்ட மூன்று நொடிக்குள் எதிர்மூலையிலிருந்து வரும்.

சார்பிருமல், முன்னிரண்டையும் சார்ந்து, தனக்கென்று சளியும் இன்றிக் காரணமும் இன்றி, ‘நானும் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிப்பதற்காகவே தோன்றுவது. எண்ணிக்கையில் இதுவே மிகுதி. நம் காலத்து ஆய்வேடுகள் எவ்வகையைச் சேர்ந்தவை என்ற கேள்வி இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

இம்மூன்றிலும் அடங்காதது அடக்கிருமல். ஒலி இல்லை. தோள் குலுங்கும், காது சிவக்கும், இணைத்துப் போட்ட நாற்காலிகள் ஆறும் சேர்ந்து ஆடும். இருமியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும் விஷயம் இரண்டு நிமிடம் நீள, அந்த வரிசை முழுவதும் பேத்தோவனை விட்டுவிட்டு ‘இவர் தேறுவாரா’ என்று கவலைப்படும். அடக்கம் அமரருள் உய்க்கும் என்பது இங்கே அச்சமூட்டும் வகையில் பொருந்துகிறது.

ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் அரங்கு முழுவதும் சேர்ந்து இருமுவதைத் தொகையிருமல் என்பாரும், விடுதலையிருமல் என்பாரும் உளர். இரு திறத்தாரும் நானே. இடைவேளையில் இதுபற்றி எனக்குள் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது, இன்னும் தீரவில்லை.

இனி அயலகச் சான்றுகள். ராக்மானினாஃப் 1931இல் ‘கொரெல்லியின் மெட்டில் மாறுபாடுகள்’ என்ற பியானோ படைப்பை எழுதி, வயலின் மேதை ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லருக்குக் காணிக்கையாக்கினார். மாறுபாடுகள் 20. (மெட்டு கொரெல்லியுடையதே அல்ல, அவருக்கும் முந்திய ‘லா ஃபோலியா’, இதைச் சுட்டிக்காட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.) மேடையில் அதை எப்படி வாசித்தார் என்று நண்பர் மெட்னருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவையில் இருமல் கூடினால் அடுத்த மாறுபாட்டை விட்டுவிடுவாராம். இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பாராம். ஒரு சிற்றூரில் பத்தோடு முடித்துக்கொண்டார். நியூயார்க்கில் பதினெட்டு வரை போனார்; அதுவே அவருடைய சாதனை. ஆக, அவை இசையைக் கேட்டதைவிட இசை அவையைக் கேட்டதே அதிகம். இருமலை இலக்கிய விமரிசனமாக ஏற்று, அதன்படி தன் படைப்பைச் சுருக்கிக்கொண்ட கலைஞர் உலகில் இவர் ஒருவரே. நம் எழுத்தாளர்கள் அகவைநிறைவு மலர் மேடையில் இந்நெறியைக் கைக்கொள்ளலாம்.

லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு காலத்தில் நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள்: மூடாத இருமல் ஒன்று, ஹார்ன் வாத்தியத்தில் நடுத்தர பலத்தில் ஊதும் ஒரு சுரத்துக்கு ஈடு; ஆகவே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொள்க. வயலின், பியானோ என்று இருவருக்குத்தான் டிக்கெட் வாங்குகிறோம். ஹார்ன் இலவசம் என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஜெர்மனியின் ஹனோவரில் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் இதையே எடுத்து ஆராய்ந்து, மக்கள் சாதாரண வாழ்வில் இருமுவதைவிடக் கச்சேரியில் ஏறக்குறைய இரு மடங்கு இருமுகிறார்கள், எனவே அதில் பெரும்பகுதி வேண்டுமென்றே செய்வது என்று முடிவுகட்டினார். பொருளாதாரப் பேராசிரியர் என்பதைக் கவனிக்க. விலைவாசியை என்ன செய்வதென்று தெரியாதபோது அறிஞர் உள்ளம் இருமலில் ஆறுதல் தேடுவது இயல்பே.

4.1 உறை பிரித்தல்

இருமலுக்கு மருந்து மிட்டாய். மிட்டாய்க்கு உறை உண்டு. இவ்வியல் அந்த உறை பற்றியது.

ஃப்ராங்கின் மூன்றாம் பகுதியில், பியானோ ஓரிரு சுரம் சொல்லிவிட்டு நிற்க, வயலின் தனியாகத் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல ஓர் இடம். வலப்பக்கத்து மாமி கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். ஒரேயடியாக இழுக்கவில்லை, நாகரிகம் தெரிந்தவர், பல் பல்லாகத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை. அதற்குள் விக்ஸ் மிட்டாய். உறையின் ஒரு காதை விரலிடுக்கில் பிடித்து, சத்தம் வரக்கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு, மிக மிக மெதுவாகத் திருகினார். சர்ர். நிறுத்தினார். மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்து மன்னிப்பாகச் சிரித்தார். மறுபடி சர்ர். வயலின் ஒரு சொல், உறை ஒரு சொல் என்று சம்பாஷணை வளர்ந்தது. இறுதியில் மிட்டாய் வெளியே வந்து, கைநழுவி, சாய்தளத் தரையில் உருண்டு, முன்வரிசைகளைத் தாண்டி மேடைவரை போய் நின்றது. அவ்வளவு நேரமும் மாமி இருமவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. (வலப்பக்கத்து மாமி, நேர்காணல், படிக்கட்டில்: “வந்துடுமோன்னு ஒரு முன்ஜாக்கிரதைதான்.”)

இதற்கும் அறிவியல் உண்டு. அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் 2000ஆம் ஆண்டுக் கூட்டமொன்றில் இயற்பியலாளர் ஒருவர் மிட்டாய் உறையின் ஓசையைப் பதிவுசெய்து ஆராய்ந்து சொன்ன முடிவு: உறையின் சத்தம் தொடர்ச்சியான சத்தம் அன்று, மடிப்புகள் ஒவ்வொன்றாகச் சட் சட்டென்று நிலைமாறும்போது எழும் தனித்தனி வெடிப்புகள். மெதுவாகப் பிரித்தாலும் ஒவ்வொரு வெடிப்பும் அதே உரப்புத்தான், நேரம்தான் நீளும். ஆகவே ஒரே இழுப்பில் பிரித்துவிடுவதே அறம். இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் தேவைப்பட்டது. மாமிக்கு முன்னாலிருந்தவர் திரும்பிப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்திருந்தார்.

5. பக்கம் புரட்டுபவர்

பியானோ வாசிப்பவரின் இடப்பக்கம் உட்கார்ந்து, தலையசைப்புக்கு எழுந்து, தாளின் மேல்மூலையைப் பற்றித் திருப்பிவிட்டு உட்காரும் இளைஞருக்கு அவை காட்டிய எதிர்வினை: எதுவும் இல்லை. ஒரு பக்கம் தவறியிருந்தால் இருந்திருக்கும். இறுதியில் பொன்னாடை இரண்டே வந்தது.

6. கைதட்டல்

அச்சத்துக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. ஐந்தாவதாக ‘விஷயம் தெரிந்தவர்’ என்பதைச் சேர்க்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் பங்களிப்பு.

எனக்கு நேர்பின் இருக்கையில் அப்படி ஒருவர் இருந்தார். கதர் ஜிப்பா, மடியில் நிகழ்ச்சி நிரல், அதில் பென்சில் கோடு. க்ராய்ட்ஸரின் முதல் பகுதி முடிகிற இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. அத்தனை நேரம் ஓடிய ஓட்டம் திடீரென்று தணிந்து, இரண்டு வாத்தியமும் மெல்லப் பெருமூச்சுவிட்டு அடங்கும். முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை, ஒரு கடைசிப் பாய்ச்சல் பாக்கி இருக்கிறது. அந்தப் பெருமூச்சில் எங்கள் வரிசை இளைஞர் ஒருவர் ஒற்றைக் கைதட்டல் தட்டிவிட்டார். ஒன்றே ஒன்று. அடுத்ததற்கு உயர்ந்த கை நடுவழியில் நின்று, பிறகு தலையைக் கோதிற்று. நகையின் நிலைக்களன்களாகிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் நான்கும் ஒருசேர அமைந்தன.

பாய்ச்சலும் முடிந்தபோது நியாயமாகவே பலர் தட்டத் தொடங்கினார்கள். பின்னிருக்கையிலிருந்து “உஷ்ஷ்!” என்று வந்தது பாருங்கள், கைதட்டலைவிட உரக்க. கூடவே உரையும் வந்தது: “மூணு பகுதி சார். ஒண்ணுதான் ஆச்சு.” அன்றிலிருந்து, அதாவது அந்த நொடியிலிருந்து, அரங்கு இசை கேட்பதை விட்டு எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கினார்கள். ஃப்ராங்கின் இரண்டாம் பகுதி புயலடித்து ஓய்ந்தது. தட்டத் துடிக்காத கை இல்லை. தட்டிய கையும் இல்லை. நானூறு பேர் ஜிப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். (பின்வரிசை இருவர், காபி வரிசைக் கலந்துரையாடல், திருத்திய இரண்டாம் பதிப்பு; முதல் பதிப்பில் ‘பிரமாதம்’ என்றிருந்தது, ஜிப்பாக்காரர் அருகில் வந்த பிறகு ‘டெம்போ கொஞ்சம் கூடத்தான்’ என மாற்றப்பட்டது; மூன்றாம் பதிப்பு, மனைவியின் குறிப்புரையுடன், கார் நிறுத்துமிடத்தில் வெளியிடப்பட்டது; அதன் படி கிடைக்கவில்லை.)

இந்த ‘உஷ்’ எவ்வளவு பழையது? மொத்ஸார்ட் 1778 ஜூலை 3ஆம் தேதி பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதுகிறார்: தன் புதிய சிம்பனியின் முதல் பகுதி நடுவிலேயே ஜனங்கள் கைதட்டினார்களாம், இந்த இடத்துக்குத் தட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதி, முடிவுக்கு முன் அதே இடத்தை இன்னொரு முறை வைத்தாராம். கைதட்டலைக் கணக்குப் பண்ணி எழுதிய மனிதரின் படைப்புக்குத்தான் இன்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 1882இல் பைராய்ட்டில் ‘பார்ஸிஃபால்’ நாடகத்துக்கு இடையில் கைதட்டுவது கூடாது என்று பக்தர்கள் தாமாகவே ஒரு விதி செய்துகொண்டார்கள். ஒருநாள் பெண்கள் பாடும் காட்சி பிடித்துப்போய், அரங்கிலிருந்து ஒருவர் “பிராவோ!” என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் ‘உஷ்’ என்று அவரை அடக்கினார்கள். கத்தியவர் வாக்னர். நாடகத்தை எழுதியவர்.

ஜிப்பாக்காரரின் கதைக்கும் முடிவு உண்டு. கடைசியில், மறுபடி வரச்சொல்லித் தட்டிய கைதட்டலுக்கு இருவரும் வந்து ஒரு சிறிய துண்டு வாசித்தார்கள்: ‘புன்யானியின் பாணியில்’ அமைந்த ‘ப்ரெலூடியமும் அலெக்ரோவும்’. “புன்யானி. பதினெட்டாம் நூற்றாண்டு. அதான் அந்த ஆழம். இப்ப எவன் எழுதறான் இப்படி?” என்று பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. எழுதியவர் க்ரைஸ்லர். பழைய மேதைகளின் படைப்புகள் என்று சொல்லித் தன் சொந்தத் துண்டுகளையே பல ஆண்டுகள் மேடையேற்றி, விமரிசகர்கள் அவற்றில் பழமையின் மணத்தை முகர்ந்து முகர்ந்து எழுதிய பிறகு, 1935இல் ‘எல்லாம் நான்தான்’ என்று ஒப்புக்கொண்டார். சில அறிஞர்களுக்குக் கோபம் வந்தது. இசை கெட்டுவிட்டது என்று அல்ல; இசை அப்படியேதான் இருந்தது.

7. முடிவுரை

கருதுகோள் நிறுவப்பட்டது.

1803 மே 24, வியன்னாவின் ஆகார்டன் தோட்ட அரங்கு, காலை 8 மணி. க்ராய்ட்ஸர் சொனாட்டாவின் முதல் அரங்கேற்றம். அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. பியானோவில் பேத்தோவன், வயலினில் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். முதல் பகுதியில் ஓரிடத்தில் பிரிட்ஜ்டவர் தாளில் இல்லாத ஒன்றைத் தானாகச் சேர்த்து வாசித்தார். பேத்தோவன் துள்ளி எழுந்து அவரைக் கட்டித் தழுவி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் என்று பிரிட்ஜ்டவரின் குறிப்பு சொல்கிறது. அதாவது, அந்தப் படைப்புக்குப் பகுதி முடியும்வரை காத்திராமல் எதிர்வினை காட்டிய முதல் ஆள் அதை எழுதியவர். பின்னால் இருவருக்கும் சண்டை வந்து, காணிக்கை க்ராய்ட்ஸருக்குப் போயிற்று. அவர் அதை ஒருமுறையும் மேடையில் வாசிக்கவில்லை என்பர், விஷயம் தெரிந்தவர்.

ஃப்ராங்கின் சொனாட்டா, வயலின் கலைஞர் யூஜீன் இஸாயியின் திருமணத்துக்குக் கொடுத்த பரிசு. அது பொதுமேடை கண்டது 1886 டிசம்பர் 16, பிரஸ்ஸல்ஸில், ஓர் ஓவியக் காட்சியகத்தில். பியானோவில் லியோன்டீன் போர்ட்-பென். நீண்ட நிகழ்ச்சியின் கடைசியில் அதன் முறை வந்தபோது குளிர்காலப் பொழுது சாய்ந்துவிட்டது. ஓவியங்கள் இருக்கும் இடத்தில் விளக்கேற்றக் கூடாது என்பது விதி. முதல் பகுதிக்கே தாள் சரியாகத் தெரியவில்லை. மற்ற மூன்று பகுதிகளையும் இருவரும் இருட்டிலேயே, மனப்பாடமாக வாசித்தார்கள்.

அன்று அந்த அரங்கில் பக்கத்து இருக்கைக்காரரின் கையை யாராலும் பார்த்திருக்க முடியாது.